ஈ.எஸ்.டி. ரப்பர் விரிப்பை எப்போது மாற்ற வேண்டும், எப்போது பழுதுபார்த்தால் போதும்?

பெங்களூர் பீன்யாவில் சர்க்யூட் போர்டு பழுதுபார்க்கும் சிறிய பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது: நான்கு மேசைகளில் பச்சை நிற ஈ.எஸ்.டி. ரப்பர் விரிப்பு (மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும் நிலைமின் பாய்ச்சலைத் தடுக்க மேசையில் விரிப்பது) போட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன, நிறம் மங்கிவிட்டது, ஓரங்கள் சுருண்டிருக்கின்றன, ஒரு மேசையில் கத்தி பட்டுக் கீறல் விழுந்திருக்கிறது, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் விரிப்பில் வைத்தால் எந்த அளவும் காட்டவில்லை, மின்னணுச் சாமான்கள் விற்கும் எஸ்.பி. ரோடு கடைக்காரர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். இது உண்மையா, கீறலை ஒட்டிவிட்டுத் தொடரலாமா? கேள்வி விரிப்பின் வயதைப் பற்றியதுபோல இருந்தாலும், அவர் அறிய விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன். விரிப்பு தன் வேலையை இன்னும் செய்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதே அது. பெங்களூரில் மின்னணு ஆலைகளில் நிலைமின் கட்டுப்பாட்டுத் தணிக்கை செய்வது என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. நிலைமின் கட்டுப்பாட்டுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் எஸ்20.20 தரநிலையோ, அதை ஒட்டிய ஐ.ஈ.சி. 61340-5-1 தரநிலையோ விரிப்புக்கு இத்தனை ஆண்டுதான் ஆயுள் என்று எங்கும் வரையறுக்கவில்லை. அவை கேட்பது, விரிப்பின் மேற்பரப்பிலிருந்து எர்த் பொத்தான் (எர்த் கம்பியை மாட்டும் மூலையிலுள்ள உலோகப் பொத்தான்) வரையிலான மின்தடை 100 கோடி ஓமுக்கு, அதாவது 1000 மெகா ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதையும், அதை நீங்களே வகுத்துக்கொண்ட கால இடைவெளியில் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பதையும்தான். கீழ் எல்லையாக 1 மெகா ஓமை மேசைப்பரப்புகளுக்கான எஸ்4.1 ஆவணம் பரிந்துரைக்கிறது. எனவே கடைக்காரர் சொல்லும் இரண்டு ஆண்டுக் கணக்குக்குத் தரநிலையில் ஆதாரம் இல்லை. நாள் முழுவதும் சால்டரிங் நடக்கும் மேசையில் ஓராண்டுக்குள் வீணாகிப்போன விரிப்பையும், சோதனைக்கு மட்டும் பயன்படும் மேசையில் பல ஆண்டுகள் கழித்தும் அளவு மாறாமல் இருந்த விரிப்பையும் நான் பார்த்திருக்கிறேன்.

விரிப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பழுதின் வகைகள் தாமாகவே விளங்கும். வழக்கமான 2 மி.மீ. ரப்பர் விரிப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே நாம் பார்க்கும் பச்சை, நீலம் அல்லது சாம்பல் நிற அடுக்கு ஏறக்குறைய அரை மி.மீ. தடிமன்தான் இருக்கும், மின்னேற்றத்தை மெதுவாக விடுவது அதன் வேலை. கீழே கரி கலந்த கறுப்பு அடுக்கு இருக்கிறது. அதன் தடை மிகக் குறைவு. மேசையில் எந்த மூலையில் வைத்த பொருளின் மின்னேற்றமும் மேலடுக்கின் அரை மி.மீ. தடிமனை ஊடுருவிக் கறுப்பு அடுக்கை அடைந்து, அதன் வழியே மூலையிலுள்ள பொத்தானுக்கும், பொத்தானிலிருந்து கம்பி வழியே எர்த்துக்கும் போய்ச் சேருகிறது. இந்தப் பாதையில் எந்த இடம் அறுந்தாலும் விரிப்பு வெறும் ரப்பர்தான். மாறாக, பாதை முழுமையாக இருந்தால் நிறம் மங்கியதாலோ கறை படிந்ததாலோ மட்டும் அதை எறிய வேண்டியதில்லை.

நண்பரின் மல்டிமீட்டர் எதுவும் காட்டாததற்கு இதிலேயே விடை இருக்கிறது. பெரும்பாலான கைமீட்டர்கள் 20 முதல் 60 மெகா ஓம் வரைதான் அளக்கும். ஆனால் நல்ல நிலையிலுள்ள விரிப்பே 100 அல்லது 300 மெகா ஓம் இருக்கலாம். அத்துடன் மீட்டரின் ஊசிமுனை ரப்பரைத் தொடும் பரப்பு மிகச் சிறியது, அது செலுத்தும் மின்னழுத்தமும் சொற்பம். ஆகவே மல்டிமீட்டரில் அளவு வராததை வைத்து விரிப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் 500 வோல்ட் மெகரால் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) அளப்பதும் சரியில்லை. இந்த வகை ரப்பரின் தடை மின்னழுத்தம் கூடும்போது குறைவாகத் தெரியும் என்பதால் கெட்ட விரிப்பையும் அது நல்லதென்று காட்டிவிடக்கூடும். மேசையில் போர்டு இருந்தால் அதற்கும் ஆபத்து.

சரியான கருவி, மேற்பரப்புத் தடைமானி எனப்படும், இரண்டு எடைக்கட்டைகளுடன் வரும் மீட்டர். ஒவ்வொரு கட்டையும் 2.27 கிலோ எடையும் 63.5 மி.மீ. விட்டமும் கொண்டது, அடியில் மின்கடத்தும் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். முதலில் 10 வோல்ட்டில் அளக்க வேண்டும். அளவு 1 மெகா ஓமைத் தாண்டினால் 100 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். வாசிப்பு நிலைபெற 15 விநாடி பொறுக்க வேண்டும். நான்கு மேசைகளுக்காக இதை விலைகொடுத்து வாங்குவது சிறிய பட்டறைக்குக் கட்டுப்படியாகாது என்பது எனக்குத் தெரியும். பீன்யா, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா போன்ற இடங்களில் போர்டு பொருத்தும் ஆலைகள் பலவற்றில் இந்தக் கருவி இருக்கும். அங்கே வேலைசெய்யும் யாரேனும் பழக்கமானவராக இருந்தால் அரை நாளுக்கு இரவல் வாங்குவதே போதும். கட்டைகள் இல்லாமல், விரலளவு உணரிகளை மட்டும் கொண்ட சிறிய கைக்கருவிகளும் கிடைக்கின்றன. அவற்றின் வாசிப்பு தோராயமானது. மேசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், விரிப்பை மாற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அதை மட்டும் நம்ப மாட்டேன்.

அளக்கும்போது ஒரே இடத்தில் அளந்து நிறுத்திக்கொள்ளாமல், நடுவிலும் நான்கு மூலைகளிலும், முக்கியமாகப் போர்டுகள் நாள்தோறும் உராயும் இடத்திலும் அளந்து, அளவுகளைத் தாளில் மேசையின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பழுது எங்கே என்பதை அந்தப் படமே காட்டிவிடும். விரிப்பின் இரு இடங்களுக்கிடையே அளந்தால் அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலிருந்தும் பொத்தானுக்கு அளந்தால் மட்டும் அதிகமாக இருக்கிறது என்றால், ரப்பரில் குறையில்லை. பொத்தான்தான் கறுப்பு அடுக்கைப் பற்றவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அளவு எகிறினால், அங்கே அழுக்குப் படிந்திருக்கிறது அல்லது இரண்டு அடுக்குகளும் பிரிந்து உள்ளே காற்று புகுந்திருக்கிறது. எல்லா இடத்திலும், எந்த வகையில் அளந்தாலும் அதிகமாக இருந்து, சுத்தம் செய்த பிறகும் இறங்கவில்லை என்றால் அதுதான் ரப்பரின் முடிவு. எதிர்ப்பக்கமாக, அளவு திடீரென்று 1 மெகா ஓமுக்கும் கீழே போனால் மேலடுக்கு தேய்ந்து கறுப்பு வெளிவந்துவிட்டதா, ஈரம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த நான்கில் நான் அடிக்கடி பார்ப்பது முதலாவது. செத்துவிட்டது என்று சொல்லி ஓரங்கட்டப்பட்ட விரிப்புகளில் பலவற்றை 10 மி.மீ. பொத்தானை மாற்றியே மீட்டிருக்கிறோம். கம்பியை நாள்தோறும் இழுப்பதால் பொத்தானின் பற்கள் தளர்ந்துவிடும். சால்டரிங்கில் பயன்படும் ஃப்ளக்ஸ் பசையின் ஆவி பட்டு உலோகம் கறுத்துவிடும். பழைய துளையிலேயே புதியதை அடிக்காமல், சில அங்குலம் தள்ளிப் புதுத் துளையிட்டு, பற்கள் கறுப்பு அடுக்கைக் கவ்வும்படி பொருத்துங்கள். கம்பியை மட்டும் சோதிக்க உங்கள் மல்டிமீட்டரே போதும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளந்தால், உள்ளே மின்தடையம் (ரெசிஸ்டர்) வைத்த கம்பி 1 மெகா ஓமை ஒட்டிக் காட்டும். அது இல்லாத கம்பி ஓரிரு ஓம்தான் காட்டும். அளக்கும்போதே கம்பியை வளைத்து ஆட்டிப் பாருங்கள். முறிவு இருந்தால் வாசிப்பு துள்ளும்.

கம்பி போய்ச் சேரும் இடத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒரு விரிப்பின் பொத்தானிலிருந்து அடுத்த விரிப்புக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று தொடராக இணைத்து, கடைசி மேசையை மட்டும் எர்த்தோடு சேர்த்திருப்பதைச் சிறிய பட்டறைகளில் நிறையப் பார்க்கிறேன். நடுவில் ஒரு பொத்தான் கழன்றால் அதற்கு முன்னுள்ள எல்லா மேசைகளும் எர்த்தை இழக்கின்றன. ஒவ்வொரு விரிப்பும் தனிக் கம்பியால் பொதுவான ஓர் எர்த் புள்ளிக்கு வர வேண்டும். வேலைசெய்பவரின் உடலை எர்த்தோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டையும் அதே புள்ளிக்கே வர வேண்டும். வாடகைக் கட்டடங்களில் பிளக் பாயிண்டின் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமலிருப்பதும் உண்டு. ஆகவே விரிப்பைக் குறை சொல்லும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதை உறுதி செய்யுங்கள். கோடையில் மண் காய்ந்து எர்த் குழியின் தடை ஏறுவதைச் சுட்டி, அதனால்தான் விரிப்பு வேலை செய்யவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். விரிப்பின் பாதையிலேயே பல மெகா ஓம் இருக்கும்போது, குழியில் கூடும் சில பத்து ஓம்கள் நிலைமின்னைப் பொறுத்தவரை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மின்அதிர்ச்சியிலிருந்து ஆளைக் காப்பதற்கு அந்தக் குழி நன்றாக இருந்தே ஆக வேண்டும். அது விரிப்போடு குழப்பக் கூடாத தனிப் பொறுப்பு.

அடுத்தது அழுக்கு. விரிப்பை மாற்றுவதா என்ற கேள்வியைச் சுத்தம் செய்து அளக்கும் வரை தள்ளிவைக்க வேண்டும். காய்ந்த ஃப்ளக்ஸ், கையிலிருந்து படியும் எண்ணெய்ப் பசை, முகத்துக்கும் கைக்கும் பூசும் க்ரீம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடியையும் மரச்சாமானையும் துடைக்கும் சிலிக்கான் கலந்த திரவங்கள் ஆகியவை ரப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலமாகப் படிகின்றன. பளபளப்பாகத் துடைத்து வைத்த மேசையே மிக மோசமான அளவு காட்டியதைக் கண்டிருக்கிறேன். துடைத்த திரவம்தான் காரணம். விரிப்புக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவம் சிறந்தது. கிடைக்காவிட்டால், சிலிக்கான் இல்லாத மிதமான சோப்புநீரால் துடைத்து, பிறகு அயனி நீக்கிய நீரால் சோப்பு முற்றிலும் போகும்வரை துடைக்கலாம். போர்டைக் கழுவ வைத்திருக்கும் ஐ.பி.ஏ.வை (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கறை எடுக்க எப்போதாவது ஓரிடத்தில் தொட்டுக்கொள்ளலாமே தவிர, நாள்தோறும் விரிப்பு முழுவதும் அதால் துடைத்தால் ரப்பர் வறண்டு கெட்டியாகிவிடும். துடைத்தவுடன் அளக்காதீர்கள், ஈரம் தடையைக் குறைத்துக் காட்டும். நன்றாக உலர விட்டு அளந்து, சுத்தத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டால், எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இனி நண்பரின் கீறல். மேலடுக்கோடு நின்றுவிட்ட, கறுப்பு தெரியாத மெல்லிய கீறலால் தீங்கில்லை. அதில் ஃப்ளக்ஸ் தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கறுப்பு தெரியும் வெட்டு வேறு வகை. மின்னேற்றம் பெற்ற ஒரு ஐ.சி.யின் கால் அந்தக் கறுப்பு அடுக்கை நேரடியாகத் தொட்டால், மெதுவாக இறங்க வேண்டிய மின்னேற்றம் ஒரே துள்ளலில் பாய்ந்துவிடும். இந்த வேகமான பாய்ச்சலே ஐ.சி.யின் உள்ளடுக்குகளைத் துளைக்கும் வகைகளில் ஒன்று. இதை ஃபெவிக்விக் போன்ற பசையால் மூடிவிடலாமா என்றால், கூடாது. காய்ந்த பசை மின்காப்புப் பொருள். அதன் மேல் துண்டு ரப்பரை ஒட்டினால் அந்தத் துண்டு எர்த்தோடு தொடர்பில்லாத தீவாகி, தானே மின்னேற்றத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். வெட்டு ஓரத்தில் இருந்தால் அந்தப் பகுதியையே நேராக அறுத்தெடுத்துவிட்டு, மீதியைச் சிறிய மேசைக்குப் பயன்படுத்துவதுதான் நான் பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பு. வெட்டு வேலைசெய்யும் நடுப்பகுதியில் இருந்தால் மாற்றுவதே முறை. அடுக்குகள் பிரிந்து உப்பிய இடங்களுக்கும், மேலடுக்கு தேய்ந்து கறுப்பு எட்டிப்பார்க்கும் இடங்களுக்கும் இதே விதி பொருந்தும்.

ஓரம் சுருள்வது மின்சாரக் குறை அல்ல. ஆனாலும் அதை அப்படியே விடக் கூடாது, ஏனெனில் தூக்கிய ஓரத்தில் போர்டு மாட்டிக் கீழே விழும். விரிப்பைப் புரட்டிப்போட்டுச் சமமான பலகையால் அழுத்தி ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். படியாவிட்டால் ஓரத்தின் அடியில் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டலாம். மின்பாதை பொத்தான் வழியே போகிறதே தவிர மேசைப்பலகை வழியே போவதில்லை என்பதால் அடியிலுள்ள டேப் எதையும் கெடுக்காது. சால்டரிங் முனை பட்ட சிறு வடுக்களையும் அந்த இடத்தில் அளந்து பார்த்து, அளவு சரியாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் ஓரத்தை வளைத்தால் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்தாலோ, விரிப்பு அட்டைபோல விறைத்துவிட்டாலோ, இன்றைய அளவு எப்படியிருந்தாலும் புதியதுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை முதுமையாக்கியதன் அடையாளம் அது; அங்கிருந்து திரும்பி வர வழியில்லை.

பெங்களூரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பருவம். நிற மேலடுக்குக்குக் கடத்துதிறன் தரும் சேர்மங்களில் சில காற்றின் ஈரத்தை ஈர்த்தே வேலை செய்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் மழைநாட்களில் எல்லா விரிப்பும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். மார்ச் மாதப் பிற்பகலில் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கும்போதுதான் அவற்றின் உண்மை நிலை தெரியும். ஆய்வகத்தில் விரிப்புக்குத் தகுதிச் சோதனை செய்யும்போது ஈரப்பதத்தை 12 சதவீதத்துக்கு இறக்கி அளப்பதும் இதற்காகவே. ஆண்டுக்கு ஒருமுறைதான் கருவி கிடைக்கும் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான ஒரு பிற்பகலைத் தேர்ந்துகொள்ளுங்கள். அன்றைய ஈரப்பதத்தையும் அளவோடு சேர்த்து எழுதிவையுங்கள். சென்ற ஆண்டு 80 மெகா ஓம், இந்த ஆண்டு அதே பருவத்தில் 600 மெகா ஓம் என்றால், இரண்டுமே எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் அடுத்த கோடைக்குள் மாற்றப் பணம் ஒதுக்கிவைப்பேன்.

இதுவரை சொன்னவை அளந்து உறுதி செய்யக்கூடியவை. உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பழுதுபார்த்து அனுப்பும் போர்டுகளில் ஒருசில, சில வாரங்களிலேயே திரும்பி வருவதாக நண்பர் எழுதியிருக்கிறார். அதற்கு விரிப்புதான் காரணமா என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல இயலாது. நிலைமின் அடிபட்ட பாகம் அப்போது வேலை செய்து, பின்னொரு நாள் செயலிழக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படி நடக்கக்கூடும் என்பதை ஏற்கிறேன், ஆனால் களத்தில் பழுதான போர்டுகளில் எவ்வளவு பங்கு இப்படிப்பட்டது என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பாகத்தைத் திறந்து நுண்ணோக்கியில் பார்க்காமல், நிலைமின் அடியையும் மின்னழுத்த ஏற்றத்தால் வந்த அடியையும் பிரித்தறிவது கடினம். மனிதர் உணரும் பொறிக்கு ஏறக்குறைய 3000 வோல்ட் தேவை. 100 வோல்ட்டிலேயே கெடும் பாகங்கள் உண்டு. எனவே பொறி தெறித்ததே இல்லை என்பதும் ஆதாரமாகாது.

விரிப்பின் எல்லையையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அது தன்மேல் வைக்கப்படும் கடத்தும் பொருளின் மின்னேற்றத்தைத்தான் இறக்கும். பிளாஸ்டிக் உறை, தெர்மாகோல், செலோ டேப் ஆகியவற்றின் மின்னேற்றத்தை எவ்வளவு விலையுயர்ந்த விரிப்பும் இறக்காது. அவற்றை மேசையிலிருந்து அகற்ற வேண்டும், முடியாவிட்டால் அயனியூதி (மின்னேற்றத்தைச் சமன்செய்யும் அயனிக் காற்றை ஊதும் கருவி) வைக்க வேண்டும். உட்கார்ந்து வேலைசெய்பவரின் உடல் மின்னேற்றத்தை இறக்குவது மணிக்கட்டுப் பட்டை. விரிப்பு மாற்றுவதற்கும் பட்டைகள் வாங்குவதற்கும் சேர்த்துப் பணம் போதாது என்றால் முதலில் பட்டைகளை வாங்கச் சொல்வேன். அவற்றை நாள்தோறும் வேலை தொடங்கும் முன் சோதிக்கவும் வேண்டும்.

மாற்றுவதென்று முடிவானால் கடையில் ஓர் எச்சரிக்கை தேவை. எஸ்.பி. ரோட்டில் ரப்பர் மேட் என்று கேட்டால், மின்பலகைக்கு முன்னால் தரையில் போடும் ஐ.எஸ். 15652 முத்திரையிட்ட விரிப்பையும் எடுத்துத் தருவார்கள். அது ஆளை மின்அதிர்ச்சியிலிருந்து காக்கும் காப்பு விரிப்பு. மின்சாரத்தைக் கடத்தக் கூடாது என்பதே அதன் நோக்கம். உங்கள் மேசைக்கு அது நேர் எதிரானது, அதுபோல உங்கள் மேசை விரிப்பை மின்பலகைக்கு முன்னால் போடுவது உயிருக்கு ஆபத்து. வாங்கும்போது ஒரு மூலையைப் புரட்டி அடியடுக்கு கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பிலிருந்து பொத்தானுக்குள்ள தடை எவ்வளவு, எந்த ஈரப்பதத்தில் அளந்தது என்பதைக் காட்டும் சோதனைத் தாளைக் கேளுங்கள். சால்டரிங் மேசைக்கு ரப்பரையே வாங்குங்கள். விலை குறைவான வினைல் விரிப்பு சூடான முனை பட்டால் உருகிவிடும். புதிய விரிப்பைச் சுருளிலிருந்து பிரித்துத் தட்டையாகப் படியும்வரை ஒரு நாள் கிடத்தி, துடைத்து, உலர்த்தி, மேசையில் போட்டு, முதல் நாளே அளந்து விடுங்கள். அந்த அளவையும் தேதியையும் பொத்தானுக்கு அருகில் ஒரு சிறிய சீட்டில் எழுதி ஒட்டினால், அடுத்த மார்ச்சில் அளக்க வருபவருக்கு ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும்.